காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல்வயலின் மண்ணும் காற்றும்

குறுவை நடவு முடிந்த வயலில் நம் குடியானவர் முதலில் நோக்குவது தண்ணீர் நிற்கிறதா என்பதையே. சேறு கண்ணுக்குத் தெரியாவண்ணம் நீர் தேங்கி நிற்பதே நல்ல வயலுக்கு அடையாளம் என்னும் எண்ணம் காவிரிப் பாசனப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தை அறியாமை என ஒதுக்கிவிடுதல் முறையாகாது. நிற்கும் நீர் களையை அடக்குகிறது. நட்ட நாற்று வேர் பிடிக்க உதவுகிறது. நாளை வாய்க்காலில் முறை வருமோ வாராதோ என்னும் அச்சத்திற்கும் அதுவே மருந்தாக இருக்கிறது. ஆயினும் நெல்லுக்கு அறுவடை வரையில் இடைவிடாது நீர் நிற்க வேண்டிய தேவையில்லை என்பதை முன்னோரும் அறிந்திருந்தனர். காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற வழக்கு நம் வயல்வெளிகளிற் பிறந்த வழக்கேயாகும். இன்று உலகெங்கும் வேளாண் அறிஞர்கள் வலியுறுத்தும் நீர் மேலாண்மை முறைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தலரிது.

இப்பொருளைப் பற்றி நம் கூட்டுறவு இதழில் எழுதுவதற்குக் காரணங்கள் உண்டு. தண்ணீர் ஒருவர் வயலிலிருந்து மற்றொருவர் வயலுக்குப் பாய்வது. உரம் சங்கத்தின் கிடங்கிலிருந்து செல்வது. கடன் சங்கத்தின் பேரேட்டில் நிற்பது. தனியொருவர் எவ்வளவு முயன்றாலும் முழுவதும் நிறைவேற்ற இயலாத காரியம் இது.

முதலில், தேங்கிய நீரின் கீழே என்ன நிகழ்கிறது என்பதைக் காண்போம். நீர் நின்றவுடன் மண்ணுக்குக் காற்று செல்லும் வழி அடைபடுகிறது. மண்ணிலிருந்த பிராணவாயு சில நாட்களுக்குள் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அங்கே தழைப்பவை காற்று வேண்டாத நுண்ணுயிர்கள். வைக்கோல், தாள்கட்டை, வேர், தழை ஆகியவற்றைச் சிதைக்கும் வினையின் இறுதியில் அவை மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. சாண எரிவாயுக் கலம் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டுவதில்லை. கலத்தில் நிகழ்வதே வயலிலும் நிகழ்கிறது. கலத்து வாயு அடுப்பில் எரிகிறது. வயலின் வாயு வானில் கலக்கிறது. சேற்றில் கால் வைக்கும்போது எழும் குமிழிகளில் உள்ளதும் இவ்வாயுவே. ஆயினும் குமிழி வழியாகச் செல்வது சிறு பகுதிதான். வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்வதற்காக நெற்பயிரின் தண்டில் அமைந்துள்ள நுண்குழல்களே, கீழிருந்து மீத்தேனை மேலே ஏற்றிவிடும் புகைபோக்கிகளாகவும் அமைந்துவிடுகின்றன. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் மிகப் பெரும்பகுதி இவ்வழியாகவே செல்கிறது.

இவ்வாயு பூமியைச் சுற்றிய காற்றில் வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 27 மடங்கு வலிமை அதற்குண்டு. யூரியா முதலிய தழைச்சத்து உரங்களிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு இதனினும் கொடிது. அதன் வலிமை 273 மடங்கு.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமற் செல்லுதல் தகாது. இந்திய நெல்வயல்கள் ஆண்டொன்றுக்கு 378 இலட்சம் டன் மீத்தேன் வெளியிடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் ஒரு காலத்தில் மதிப்பிட்டிருந்தது. 1991-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில் நம் அறிஞர்கள் பல மாநிலங்களின் வயல்களில் நேரே அளந்து பார்த்தபோது, உண்மை அளவு சுமார் 40 இலட்சம் டன் மட்டுமே எனக் கண்டனர். அளவாமல் கூறப்பட்ட கணக்கு, அளந்த கணக்கைப்போல் ஒன்பது மடங்கிற்கும் மேற்பட்டிருந்தது! ஆகவே உலகின் வெப்பத்திற்கெல்லாம் நம் ஏழைக் குடியானவரே காரணமென்று எவரேனும் கூறுவாராயின் நாம் தலைகுனிய வேண்டுவதில்லை. ஆனால் 40 இலட்சம் டன் என்பதும் அற்பமன்று. அதனைக் குறைக்கும் வழி நம் வயலுக்கும் நலம் பயப்பதாயின் அதனை மேற்கொள்ளத் தயங்குவானேன்?

ஒரு ஏக்கர் அளவில் கணக்கிட்டுப் பார்ப்போம். காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2019-இல் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு நெறிகளின்படி, தெற்காசியாவில் இடைவிடாது நீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல்வயல் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் வெளியிடுவதாகக் கொள்ளலாம். 110 நாள் நீர் நின்றால், ஏக்கருக்கு ஏறக்குறைய 38 கிலோ ஆகும். அதாவது ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடானது. நீரைப் பலமுறை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சினால் இவ்வளவில் 45 விழுக்காடு குறையும் என்பது அதே நெறிகளின் மதிப்பீடு. குறைவது ஏக்கருக்கு 17 கிலோ மீத்தேன். கரியமில வாயுக் கணக்கில் 460 கிலோ. மறுபுறம், மண் காய்ந்து நனைவதால் நைட்ரஸ் ஆக்சைடு சற்றே மிகும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடும் வயலில் இம்மிகுதி சுமார் 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகும். வரவு 460, செலவு 50. இத்தகைய பேரேட்டை நம் சங்கத்துச் செயலாளர் எவரும் மறுக்கமாட்டார்.

ஆனால் இப்பேரேடு எல்லா வயலிலும் இவ்வாறே அமையுமெனக் கொள்ளுதல் கூடாது. தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மண்ணை மிகையாகக் காயவிட்டு உரத்தையும் மிகையாக இட்ட இடங்களில் நைட்ரஸ் ஆக்சைடு, அதற்குமுன் நெல்வயல்களிற் பதிவான உச்ச அளவைப்போல் மும்மடங்கு வரை எழுந்ததைக் காட்டிற்று. வயல் வெடிக்க வெடிக்கக் காயவிடுவது காய்ச்சலும் பாய்ச்சலும் ஆகாது, அது வறட்சியே. அளவறிந்து காயவிட வேண்டும்.

அந்த அளவை அறிவதற்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எளிய கருவியொன்றைப் பரவச் செய்துள்ளனர். ஒரு அடி நீளமும், நான்கு முதல் ஆறு அங்குல விட்டமுமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அது கிடையாவிடில் மூங்கிலும் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் இட்டு, அரையடி மண்ணுக்குள்ளும் அரையடி வெளியிலும் இருக்குமாறு வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் பதிக்க வேண்டும். உள்ளே புகுந்த சேற்றை அடிவரை அகற்றிவிட வேண்டும். இதனை மறந்துவிட்டுக் குழாய் பொய் சொல்கிறது எனக் குறை கூறுவோர் உளர். வயலின் மேல் நீர் மறைந்த பின்னும் குழாய்க்குள் நீர் தெரியும். அந்நீர் மண்மட்டத்திற்கு அரையடி கீழே செல்லும் வரை காத்திருந்து, பின்னர் இரண்டு அங்குலம் நீர் கட்டினாற் போதும். அதுவரையில் வேருக்குத் தண்ணீர்க் குறைவு நேர்வதில்லை. பூக்கும் பருவத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், நீரைக் குறையவிடலாகாது. களை மிகுந்த வயலாயின் நட்ட முதல் இரு வாரங்களும் நீர் நிற்பதே நன்று. பாசன நீரில் 30 விழுக்காடு வரை இம்முறையால் மிச்சமாகும் என்பது அந்நிலையத்தாரின் அனுபவம், விளைச்சல் குறைவதில்லை. விளைச்சல் பெருகும் என்று வாக்களிப்போரும் உளர். நான் அவ்வாறு வாக்களிக்க முன்வரேன்.

விளைச்சலும் பெருகாது, பம்பு செட்டுக்கு மின்கட்டணமும் இல்லை. பின் குடியானவர் இதனால் பெறும் ஆதாயம்தான் என்ன? சங்கங்களுக்குச் செல்லுமிடமெல்லாம் இக்கேள்வி எழுகிறது, எழ வேண்டியதே. டீசல் எஞ்சின் வைத்துள்ளோருக்கு ஆதாயம் அன்றன்றே கையில் தெரியும். மின்சாரப் பம்பு வைத்துள்ளோருக்கு ஆதாயம் நிலத்தடியில் இருக்கிறது. தம் குழாய்க்கிணறும் அடுத்தவர் குழாய்க்கிணறும் ஒரே நீரை உறிஞ்சுகின்றன என்பதை உணர்ந்தோர்க்கே அது தெரியும். வாய்க்கால் பாசனத்தாரைப் பொறுத்தவரையில் ஆதாயம் தலைமடையில் நிற்பவருக்குச் சேர்வதில்லை. கடைமடையில் இருப்பவருக்கே சேர்கிறது. இதுவே இவ்விஷயத்தின் உயிர்நிலை எனக் கருதுகிறேன்.

2023-இல் நிகழ்ந்ததை நம் அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் 12-இல் வழக்கம்போல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. நம்பிக்கையுடன் குறுவை நடப்பட்டது. அக்டோபரில் அணை மூடப்பட்டது. கடைமடைப் பகுதிகளில் பயிர் கருகிற்று. அடுத்த ஆண்டில் ஜூன் 12-இல் அணை திறக்கவே இயலவில்லை. ஜூலை இறுதியில்தான் நீர் வந்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் நம் பங்காக 177.25 டி.எம்.சி. என வரையறுத்துவிட்டது. பங்கு வரையறுக்கப்பட்ட பிறகு, வயலில் வீணே நின்று வற்றும் ஒவ்வோர் அங்குல நீரும் வேறொருவர் வயலுக்குச் சேராமற்போன நீராகும். கருகிய பயிரின் மீது சங்கம் கொடுத்த கடனும் நிலுவையாக நின்றுவிடுகிறது. தலைமடையும் கடைமடையும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராயிருக்கும் ஊர்கள் பல. ஒரே மகாசபையில் அருகருகே அமர்வோர் தம்முள் ஒருவரையொருவர் அறியாதவர் போலத் தண்ணீரைக் கையாளுதல் வியப்பையே தருகிறது.

வயல் விட்டு வயல் பாயும் அமைப்பில், நடுவிலுள்ள ஒருவர் மட்டும் தம் வயலைக் காயவிட எண்ணினாலும் இயலாது. மேல்வயல் நீர் அவர் வயலில் இறங்கியே தீரும். ஆதலின் ஒரு வாமடையின் கீழுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றினாலன்றி இது பலிக்காது. பிலிப்பைன்ஸ் நாட்டின் போஹோல் தீவில் இத்தகைய நிலையே இருந்தது. அணையில் நீர் போதாமல், மேற்பகுதியார்க்கு மிகுதியும் கீழ்ப்பகுதியார்க்கு இல்லாமையுமாக வழக்குகள் மலிந்திருந்தன. பாசனத் துறையும் பாசனதாரர் சங்கங்களும் கலந்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே வாய்க்காலில் நீர் விடும் முறை நாளை வகுத்தன. அதன் பயனாக இரண்டாம் போகத்தின் பரப்பு விரிந்தது. வாய்க்காலின் முறையே மாறியதால், வயலில் எவரும் தனித்து நின்று போராட வேண்டியிருக்கவில்லை.

சம்பா, தாளடிப் பருவங்களைப் பற்றி ஒரு சொல். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் வயலைக் காயவிடுமாறு கூறுவது கேலிக்கிடமாகும். அப்பருவத்தில் வேண்டுவது வடிகாலைத் தூர்வாரி வைத்தல் ஒன்றே. காய்ச்சலும் பாய்ச்சலும் குறுவைக்கும், மழை தொடங்குவதற்கு முன்பாகச் சம்பாவின் இளம்பருவத்திற்கும், கோடை நெல்லுக்கும் உரியது.

இனி மண்ணைப் பற்றிக் காண்போம். இங்கே ஒரு முரண் எழுகிறது. பலரும் இதனைத் தொடாமற் செல்கின்றனர். மண் வளம் பெற அங்ககப் பொருள் வேண்டும். கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கி இன்றளவும் நடைபெற்றுவரும் நிரந்தர உரச் சோதனை வயல்களில், ஆண்டுதோறும் தொழு உரம் பெற்ற மண்ணே அங்ககக் கரிமம் மிகுந்த மண்ணாக நிற்கிறது. நம் மண் பரிசோதனை அட்டைகளில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டிற்குக் கீழிருந்தால் குறைவு எனக் குறிக்கின்றனர். அங்கத்தினர் கொண்டுவந்து காட்டும் அட்டைகளில் இக்குறிப்பை அடிக்கடி காண்கிறேன். ஆனால் அதே அங்ககப் பொருள்தான், நீர் தேங்கிய வயலில், மீத்தேனுக்கும் இரையாகிறது. அவ்வாறாயின் எரு இடுவதா, விடுவதா?

இடுவதே முறை, இடும் காலமும் இடும் வடிவமுமே வினா. நடவுக்குச் சற்று முன் புதிய வைக்கோலை மடக்கி உழுதால் எழும் மீத்தேனை ஒரு பங்காகக் கொள்வோம். அதே வைக்கோலை முப்பது நாட்களுக்கு முன்னதாகவே, வயல் உலர்ந்திருக்கும்போது மடக்கி உழுதுவிட்டால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எடைக்கு எடை, நன்கு மட்கிய கம்போஸ்ட் ஆறில் ஒரு பங்கு. தொழு உரம் ஐந்தில் ஒரு பங்கு. பசுந்தாள் உரம் பாதிக்குச் சற்றுக் குறைவு. இவையும் முன்கூறிய 2019-ஆம் ஆண்டு நெறிகளின் மதிப்பீடுகளே. ஆக, மட்க வேண்டியது காற்றுள்ள இடத்தில் மட்கிவிட்டால், மண்ணுக்கு வளம் சேரும்; வானுக்கு மீத்தேன் செல்லாது. குப்பைக் குழியைக் காற்றோட்டமாக வைத்துப் புரட்டிக் கொடுப்பதும், அறுவடையானவுடன் தாள்கட்டையை ஈரம் காயுமுன் கோடை உழவில் மடக்கி விடுவதும் இதனால்தான் சிறப்புடையன. வைக்கோலைக் கொளுத்துதல் எவ்வகையிலும் தகாது. ஆட்களால் அறுத்த காலத்தில் ஒரு பிடி வைக்கோலும் வீணானதில்லை. இயந்திர அறுவடை வந்தபின் வைக்கோல் வயலெங்கும் சிதறுகிறது. அதனைச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தைச் சங்கத்தின் வாடகை நிலையத்தில் வைத்திருந்தால், வைக்கோல் மாட்டுக்குச் சென்று எருவாகத் திரும்பும்.

பசுந்தாள் உரத்தைப் பற்றிய அளவு பாதிக்குச் சற்றுக் குறைவு என்றதைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டா. தக்கைப்பூண்டும் சணப்பையும் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தாமே ஈட்டித் தருவன. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாளையொட்டிப் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுது, அதற்கு ஈடான யூரியாவைக் கழித்துவிட்டால் மொத்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவே முடியும். யூரியாவைக் கழிக்காமல் இரண்டையும் இடுவோருக்கே கணக்கு பிசகும். தமிழ்நாடு அரசு 2024-25 முதல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ்ப் பசுந்தாள் விதையை உதவி விலையில் வழங்கத் தொடங்கியது. விதை வரும் நாள் முக்கியம். நடவுக்குப் பதினைந்து நாள் முன் வந்து சேரும் பசுந்தாள் விதை, மணமான பின் வந்த மாப்பிள்ளைப் பட்டு போன்றதே.

சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னதாக நிற்கும் பயிரிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் நம் தஞ்சை வழக்கத்தையும் இங்கே போற்ற வேண்டும். மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியும் கொண்டே அப்பயிர் விளைகிறது. மீத்தேன் இல்லை, யூரியா இல்லை, மண்ணுக்குத் தழைச்சத்தும் இடைவேளையும் கிட்டுகின்றன. அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தடியில் முளைகள் நசுங்குவதால் இவ்வழக்கம் தளர்ந்து வருவது வருந்தத்தக்கது. அறுவடைக்குப் பின் விதைத்தேனும் இதனைக் காத்தல் நலம்.

யூரியாவுக்கு வருவோம். காவிரிப் பகுதி நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதனை நான்கு முறையாகப் பிரித்து இடவேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. அடியுரமாக இட்ட ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் உண்டு. அதனைக் கழிப்பார் அரியர். கழித்தால் வேண்டுவது இரண்டரை மூட்டை யூரியாவே. நான்கும் ஐந்தும் இடுவோர் உளர். நெசவாள அங்கத்தினருக்கு இது எளிதிற் புலனாகும்: பாவுக்கு இடும் கஞ்சி குறைந்தால் இழை பிசிறு தட்டும், மிஞ்சினால் விறைத்து முறியும். தழைச்சத்து மிஞ்சிய நெல்லும் கரும்பச்சையாய்ச் செழித்துக் காட்டி, குலைநோய்க்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இடமளித்து, காற்று வீசினால் சாய்ந்துவிடும். இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை காலை வேளையில் பத்து இலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணுக்கும், மற்ற இரகங்களுக்கு நான்காம் எண்ணுக்கும் கீழே நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் இடுவது போதும். யூரியாவை நீர் வடிந்த மண்ணின் மேல் இட்டு உடனே பாய்ச்சினால், சத்து வேருக்கு இறங்கும்.

இவ்விடத்தில் சங்க நிர்வாகிகளுக்குச் சற்றுக் கசப்பான செய்தியையும் கூறவேண்டியுள்ளது. உர விற்பனையில் கிடைக்கும் கழிவு, பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வருவாயில் ஒரு பகுதி. பயிர்க்கடனின் ஒரு கூறு உரமாகவே வழங்கப்படுகிறது. யூரியா குறைந்தால் கழிவும் குறையும். ஆகவே அங்கத்தினருக்கு நலமானதும் சங்கத்தின் ஆண்டுக் கணக்குக்கு நலமானதும் இவ்விஷயத்தில் ஒன்றாயில்லை. இதனை மூடி மறைப்பதினும் மகாசபையில் வைத்துப் பேசுவதே முறை. கழிவில் குறைவதை இயந்திர வாடகையிலும், பசுந்தாள் விதை, உயிர் உரம், உளுந்துக் கொள்முதல் ஆகியவற்றிலும் ஈடுசெய்ய இடமுண்டு. ஈடாகாவிட்டாலும், அங்கத்தினர் வயலில் தேவையற்ற மூட்டையை இறக்கிச் சங்கம் நிமிர்வது கூட்டுறவு ஆகாது.

கரிம வரவு என்ற பெயரில் சில தனியார் நிறுவனத்தார் ஊர்தோறும் வந்து கையொப்பம் பெறத் தொடங்கியுள்ளனர். மீத்தேனைக் குறைத்தால் பணம் தருவதாகக் கூறுகின்றனர். முறையாக நடப்பின் இது வரவேற்கத் தக்கதே. ஆனால் சீனத்தில் நெல்வயல் மீத்தேன் பெயரால் பதிவாகியிருந்த 37 திட்டங்களை, இவ்வரவுகளைச் சான்றளிக்கும் வெர்ரா நிறுவனம் 2024-இல் தள்ளுபடி செய்ததை அறிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அளப்பவர் யார், அளந்ததை அங்கத்தினர் சரிபார்க்க வழியுண்டா, வரும் தொகையில் குத்தகைதாரருக்கு எவ்வளவு, நிலவுடைமையாளருக்கு எவ்வளவு என்பவை எழுத்தில் இராத தாளில் கையொப்பமிடுதல் கூடாது. தனித்தனியே கையொப்பமிடுவதினும், சங்கமோ வாய்க்கால் பாசனதாரர் சங்கமோ ஒருசேரப் பேசினால் விலையும் நியாயமும் கிட்டும்.

வரும் குறுவைக்கு இவற்றைச் செயற்படுத்த விரும்பும் சங்கங்கள், பசுந்தாள் விதைத் தேவைப் பட்டியலைப் பங்குனிக்குள் வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு அனுப்பிவிடுதல் நலம். ஒரு வாமடையைத் தேர்ந்து, அதன் கீழுள்ள அனைவரையும் அழைத்து, முறை நாளை எழுத்தில் வகுத்துக்கொள்ளலாம். குழாய் ஏக்கருக்கு ஒன்று போதும்; ஒரு வேலி நிலத்திற்கு ஏழு. குழாய்த் துண்டுகளைச் சங்கமே மொத்தமாக வாங்கித் துளையிட்டு வைத்திருந்தால், நட்ட பத்தாம் நாளுக்குள் பதித்துவிடலாம். மேட்டு மூலையிலோ பள்ளத்திலோ பதிக்காமல், வயலின் நடுத்தரமான மட்டத்தில் பதிக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.